பள்ளி ஆண்டு மலரும் டிஜிட்டல் கருவிகளும்: சேலம், ஏற்காடு ஆசிரியர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

சேலத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் பல வருடமாக ஆண்டு மலர் வேலையைப் பார்த்து வருகிறேன். அதற்கு முன்னால் ஏற்காட்டு மலைப் பள்ளி ஒன்றில் இருந்தேன். மற்ற பள்ளி ஆசிரியர்கள் போனில் கேட்பவை கிட்டத்தட்ட ஒரே கேள்விகள்தான். அவற்றையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

வருடாவருடம் மலர் அச்சடிக்கிறோம். இதில் புதிதாகச் செய்ய என்ன இருக்கிறது?

உங்கள் பள்ளியின் போன வருட மலரைக் கையில் எடுத்துப் பாருங்கள். ராப்பரில் பள்ளிக் கட்டடம். உள்ளே ஏழெட்டுப் பக்கம் வாழ்த்துரை. அப்புறம் முதல் மதிப்பெண் எடுத்தவர்கள், கோப்பை வாங்கியவர்கள், நாலைந்து பிள்ளைகளின் கவிதை, வகுப்பு வாரியாகக் குழுப் படம், அதன் கீழே பொடி எழுத்தில் 'நிற்பவர்கள், இடமிருந்து வலமாக'. முடிந்தது.

சில வருடங்களுக்கு முன்னால் மலர் கொடுத்த அன்று ஓர் அம்மா பள்ளி வராந்தாவிலேயே உட்கார்ந்து ஒவ்வொரு பக்கமாகப் புரட்டினார். மகள் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். கடைசிப் பக்கம் வரை போய்விட்டு மறுபடி முதலிலிருந்து பார்த்தார். பிறகு மலரை மூடிப் பைக்குள் வைத்துக்கொண்டு, "வர்றோம் சார்" என்று கிளம்பிவிட்டார். குழுப் படம் எடுத்த நாளில் அந்தப் பெண் காய்ச்சலில் லீவு. அந்த வருடம் முழுக்கப் பள்ளிக்கு வந்த பிள்ளை, மலரில் ஓரிடத்திலும் இல்லை.

டிஜிட்டல் கருவிகளை நான் எடுத்தது இதற்காகத்தான். அழகான டிசைன் அதற்கு அப்புறம் வரட்டும். விடுபடுகிற பிள்ளையைக் கண்டுபிடித்து உள்ளே கொண்டுவர இவை நன்றாகவே உதவுகின்றன.

யார் விடுபடுகிறார்கள் என்று எப்படித் தெரியும்?

ஒரு கூகுள் ஷீட் போதும். வகுப்புப் பெயர்ப் பட்டியலை அப்படியே ஒட்டுங்கள். பெயருக்கு எதிரே நான்கு கட்டம்: தனிப் படம், குழுப் படம், படைப்பு, குரல் அல்லது வீடியோ. ஒவ்வொரு பக்கம் லேஅவுட் ஆனதும் அதில் இருக்கிற பிள்ளைகளின் கட்டத்தில் ஒன்று போடுங்கள். கடைசியில் கூட்டினால் யார் யாருக்குப் பூஜ்ஜியம் என்று தெரிந்துவிடும்.

முதல் தடவை நாங்கள் கூட்டியபோது மனசு கஷ்டமாக இருந்தது. நாலு பெண்களுக்குத் தலைக்கு எட்டுப் படம், பத்துப் படம். நன்றாகப் பேசுகிற, ஆடுகிற, மேடை ஏறுகிற பிள்ளைகள். ஒன்பதாம் வகுப்புப் பையன் ஒருவன் ஒரே ஒரு படத்தில் இருந்தான். அதிலும் இன்னொருவன் தோளுக்குப் பின்னால் ஒரு கண்ணும் பாதி நெற்றியும்.

அவன் வீடு அம்மாபேட்டைப் பக்கம். அப்பா நெசவாளர். சாயங்காலம் வீட்டுக்குப் போனால் தறிக்குத் தார் (குறுக்கே ஓடும் நூல்) சுற்றிக் கொடுப்பான். படிப்பிலும் விளையாட்டிலும் தனியாகச் சொல்லிக்கொள்ளும்படி எதுவும் இல்லாததால் எங்கள் கேமரா அவன் பக்கம் திரும்பவே இல்லை. வகுப்பாசிரியை அவனிடம் போனைக் கொடுத்து, "உங்க வீட்டுத் தறியை எனக்குக் காட்டுப்பா" என்று கேட்டார். இரண்டு நிமிட வீடியோ எடுத்து வந்தான். பாவு (நீளவாக்கு நூல்) எப்படி ஓடுகிறது, நூல் அறுந்தால் அப்பா எப்படிப் பிடித்து முடிச்சுப் போடுகிறார் என்று பின்னாலிருந்து அவன் குரல் சொல்லிக்கொண்டே போகிறது. வகுப்பில் வாய் திறக்காத பையன்! அந்த வருட மலரில் அதற்கு அரைப் பக்கம் கொடுத்தோம்.

என்னென்ன கருவி வேண்டும்? செலவாகுமா?

படைப்புகள் வாங்க கூகுள் ஃபார்ம், எண்ணிக்கைக்கு ஷீட், படங்களைச் சேர்த்து வைக்க டிரைவ். இலவசக் கணக்கில் 15 ஜிபி இடம் உண்டு. ஒரு வருட மலருக்கு அது போதும், வீடியோவை அதில் குவிக்காமல் இருந்தால். பக்க வடிவமைப்புக்கு கேன்வா. பள்ளி ஆசிரியர்களுக்கென்று அதில் கல்விப் பதிப்பு இலவசமாக இருக்கிறது. ஆசிரியர் என்பதற்கான சான்றைக் காட்டிப் பதிவு செய்துகொள்ள வேண்டும், பிறகு மாணவர்களையும் அதில் சேர்க்கலாம். அரசுப் பள்ளி என்றால் ஹைடெக் லேப் கம்ப்யூட்டர்களே தாராளம். கேமரா வாங்க வேண்டாம், ஆசிரியர்கள் கையில் இருக்கிற போனே நன்றாக எடுக்கிறது.

வாட்ஸ்அப்பில் வாங்கிய படம் போனில் பளிச்சென்று இருக்கிறது, அச்சில் மங்கிப்போகிறதே?

அச்சுக்கு ஓர் அங்குலத்துக்கு 300 புள்ளி வேண்டும். ஏ4 முழுப் பக்கத்துக்குக் கணக்குப் போட்டால் 2480க்கு 3508 பிக்சல். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பும் படம் சுருங்கி, நீளப் பக்கம் 1600 பிக்சல் அளவுக்கு வந்துவிடும். அதாவது சுமார் 13 சென்டிமீட்டர் அகலம் வரைதான் தெளிவாக அச்சாகும். கால் பக்கப் படத்துக்கு அது சரி. ராப்பரில் போட்டால் முகமெல்லாம் பஞ்சு பஞ்சாகத் தெரியும்.

வழி எளிது. படத்தைப் படமாக அனுப்பாமல் 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள், சுருங்காது. ஒரு விஷயம் மட்டும் கவனிக்க வேண்டும். அப்படி அனுப்பும் கோப்பில், போனில் லொகேஷன் போட்டிருந்தால், படம் எடுத்த இடமும் பதிந்தே வரும். பிள்ளையின் வீட்டில் எடுத்த படம் என்றால் வீடு இருக்கும் இடமே அதில் இருக்கிறது. அந்த மூலக் கோப்பை யாருக்கும் அப்படியே பகிர வேண்டாம்.

இன்னொன்று, திரையில் தெரியும் நிறம் வேறு, அச்சு மையின் நிறம் வேறு. கண்ணைப் பறிக்கிற நீலமும் பச்சையும் தாளில் கொஞ்சம் அடங்கித்தான் வரும். ப்ரூஃப் பிரிண்ட் (மாதிரி அச்சு) ஒன்று எடுத்துப் பார்க்காமல் சரி சொல்லாதீர்கள்.

தமிழ் எழுத்து உடைந்து உடைந்து வருகிறது. என்ன செய்வது?

இதற்குத்தான் அதிகமாக போன் வருகிறது. எங்களையும் அதிகம் படுத்தியது இதுதான்.

முதல் காரணம், பழைய எழுத்துருக்கள். பல டிடிபி சென்டர்களில் இன்னமும் பேஜ்மேக்கர் என்ற பழைய மென்பொருளில், பாமினி மாதிரியான யூனிகோடு (எல்லாக் கருவிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடு) அல்லாத எழுத்துருவில்தான் வேலை நடக்கிறது. பேஜ்மேக்கருக்கு யூனிகோடு தெரியாது. நீங்கள் போனில் தட்டச்சு செய்து அனுப்பியதை அவர்கள் ஒரு மாற்றியில் போட்டு பாமினிக்குக் கொண்டுபோவார்கள். பிழைகள் நுழைவது அந்த இடத்தில்தான். தமிழக அரசு 2010லேயே யூனிகோடையும் டேஸ்16 என்ற தமிழ் எழுத்துக் குறியீட்டையும் தரமாக அறிவித்துவிட்டது. அதனால் அச்சகத்தோடு பேசும் முதல் நாளே கேட்டுவிடுங்கள்: "யூனிகோடிலேயே செய்து பிடிஎஃப் ஆகக் கொடுத்தால் அடிப்பீர்களா?" இப்போது அநேகமாக எல்லோரும் சரி என்கிறார்கள். இன்டிசைன் மென்பொருளில் செய்பவர்கள் என்றால் பத்தி அமைப்பில் 'வேர்ல்டு ரெடி கம்போசர்' தேர்ந்தெடுத்திருக்க வேண்டும். இல்லாவிட்டால் 'கொ' என்பதில் ஒற்றைக்கொம்பு ஒரு பக்கமும் எழுத்து ஒரு பக்கமுமாகப் பிரிந்து நிற்கும்.

இரண்டாவது காரணம் கண்ணுக்கே தெரியாது. கௌசல்யா என்று ஒரு பெண் இருக்கிறாள் என்று வையுங்கள். 'கௌ' ஒரே எழுத்து. ஆனால் பலர் கெ போட்டு, பக்கத்தில் ள போட்டு 'கெள' என்று அடித்துவிடுகிறார்கள். பார்வைக்கு வித்தியாசம் தெரியாது, கம்ப்யூட்டருக்கோ அது வேறு பெயர். ஸ்ரீநிதி, ஸ்ரீதர் என்று வரும் பெயர்களிலும் இதே தொல்லை உண்டு. 'ஸ்ரீ' என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக அடிக்க முடியும், இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். எங்கள் ஷீட்டில் ஒரு ஸ்ரீநிதிக்குப் பூஜ்ஜியம் காட்டியது. தேடிப் பார்த்தால் அவள் கோலப் போட்டிப் பக்கத்தில் பெரிய படமாகவே இருந்தாள், பெயர் மட்டும் இன்னொரு 'ஸ்ரீ'யில். இதுவே தலைகீழாக நடந்து ஒரு பிள்ளை விடுபட்டிருந்தால்? அதனால் பெயர்களை யாரும் புதிதாக அடிக்கக் கூடாது என்று விதி வைத்திருக்கிறோம். ஒரே பட்டியல், அதிலிருந்து நகல் எடுத்து ஒட்டுவது மட்டும். அந்தப் பட்டியலை அச்செடுத்து வகுப்பில் கொடுத்து, ஒவ்வொரு பிள்ளையும் தன் பெயரையும் இனிஷியலையும் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறது.

எழுத்துரு என்று கேட்டால், உள்ளே படிக்கிற பகுதிக்கு நோட்டோ செரிஃப் தமிழ் அல்லது முக்தா மலர். தலைப்புக்கு பாலூ தம்பி. மூன்றுமே இலவசம். ஒரு மலரில் இரண்டு எழுத்துருவுக்கு மேல் வேண்டாம்.

பிள்ளைகள் தாளில் எழுதிக் கொடுப்பதை யார் தட்டச்சு செய்வது?

பிள்ளையே தன் கவிதையை வாசிக்கட்டும், போனில் குரல் தட்டச்சு பிடித்துக்கொள்ளும். அச்சான தமிழ் என்றால் படமெடுத்து டிரைவில் ஏற்றி, கூகுள் டாக்ஸில் திறந்தால் எழுத்தாக மாறிவிடும். கையெழுத்தில் அது அவ்வளவு சரியாக வராது. ஆறாம் வகுப்புக்குக் கீழே என்றால் நான் தட்டச்சே செய்ய விடமாட்டேன். அந்தக் கையெழுத்தை ஸ்கேன் செய்து அப்படியே போடுங்கள். பத்து வருடம் கழித்து அந்தப் பிள்ளை தேடிப் பார்க்கப்போவது அதைத்தான்.

மலரில் கியூஆர் கோடு போடலாமா?

தாராளமாகப் போடலாம். 1994இல் ஜப்பானில் கார் உதிரிப் பாகங்களைக் கணக்கு வைக்கக் கண்டுபிடித்தது, இன்றைக்கு லீ பஜாரில் வெங்காயம் வாங்கினாலும் அதைத்தான் நீட்டுகிறார்கள். பெற்றோருக்கு எப்படி ஸ்கேன் செய்வது என்று சொல்லித்தர வேண்டிய அவசியமே இல்லை.

ஆனால் எங்களுக்கு நடந்ததைச் சொல்கிறேன். முதல் முறை ஓர் இலவசத் தளத்தில் கோடு உருவாக்கினோம். மலர் வெளியிட்டு ஒரு மாதம்கூட ஆகவில்லை, ஸ்கேன் செய்தால் 'சோதனைக் காலம் முடிந்தது, பணம் கட்டுங்கள்' என்று வந்தது. மலர் முழுக்க அச்சாகிவிட்டது, மாற்ற வழியில்லை. 'டைனமிக்' வகைக் கோடு என்றால் அது முதலில் அந்தத் தளத்துக்குப் போய், அங்கிருந்துதான் உங்கள் வீடியோவுக்குப் போகும். நடுவில் இருப்பவர் கதவைச் சாத்தினால் போச்சு. 'ஸ்டாட்டிக்' வகையில் முகவரியே கோட்டுக்குள் இருக்கும், அதற்குக் காலாவதி கிடையாது. அதைத்தான் போட வேண்டும்.

அளவு 2 சென்டிமீட்டருக்குக் குறையக் கூடாது. பளபளப்பான தாளில் விளக்கு வெளிச்சம் பட்டுக் கூசும், அதனால் ப்ரூஃபிலேயே இரண்டு மூன்று பழைய போன்களை வைத்து ஸ்கேன் செய்து பாருங்கள். வீடியோவை யூடியூபில் 'அன்லிஸ்டட்' ஆக வைத்தால் தேடலில் வராது, ஆனால் முகவரி கிடைத்த யார் வேண்டுமானாலும் பார்க்கலாம் என்பதையும் நினைவில் வையுங்கள். கோட்டுக்குப் பக்கத்தில் உள்ளே என்ன இருக்கிறது என்று இரண்டு வரி எழுதிவிடுங்கள். என்றாவது வீடியோ போய்விட்டாலும் பக்கம் பேச வேண்டும்.

நாங்கள் ஏற்காடு மலையில் உள் கிராமத்துப் பள்ளி. நெட்வொர்க்கே ஒழுங்காக இல்லை. இதெல்லாம் எங்களுக்கு ஒத்துவருமா?

வரும். நெட் இல்லாமல் செய்கிற வேலைதான் இதில் அதிகம். படம் எடுப்பது, குரல் பதிவு செய்வது, ஷீட்டில் எண்ணுவது எல்லாம் போனிலும் லேப்டாப்பிலும் நெட் இல்லாமலே நடக்கும். ஃபார்முக்குப் பதில் ஒரு தாள் படிவம் போதும். மாதம் ஒரு தடவை யாராவது வேலையாகச் சேலத்துக்கு இறங்குவார்கள். அந்த 20 கொண்டை ஊசி வளைவையும் தாண்டி அஸ்தம்பட்டி போய்ச் சேர்ந்தால் நெட் பறக்கும். மெமரி கார்டைக் கொடுத்து அனுப்பி மொத்தமாக ஏற்றிவிடுங்கள். மலர் முடிந்ததும் பிடிஎஃப்பைப் பென் டிரைவில் வைத்து, ஆண்டு விழா அன்று புரொஜெக்டரில் பக்கம் பக்கமாகக் காட்டுங்கள். நான் அங்கே இருந்தபோது சுவரில் வேட்டியைக் கட்டி அதில் காட்டினோம், ஊரே வந்து பார்த்தது.

மலைப் பள்ளிக்கு இரண்டு விஷயம் தனியாகச் சொல்ல வேண்டும். ஒன்று நாள். நவம்பரிலிருந்து ஜனவரி வரை காபிப் பழம் பறிக்கிற காலம், வருகை குறையும். குழுப் படத்தை ஆகஸ்டிலேயே எடுத்துவிடுங்கள். வராத பிள்ளைகளுக்கு இன்னொரு நாள் என்று அன்றைக்கே குறித்துவிடுங்கள். காலைப் பனியில் எடுக்காதீர்கள், லென்ஸில் ஈரம் படிந்து எல்லா முகமும் புகைமூட்டமாக வரும். பதினோரு மணிக்கு மேல், சில்வர் ஓக் நிழலில் நிற்க வைத்தால் வெளிச்சம் சீராக விழும்.

இரண்டாவது, உங்களிடம் இருக்கிற பொருள் எங்களிடம் இல்லை. மலையாளிப் பழங்குடிக் குடும்பங்களில் பாட்டி தாத்தா சொல்லும் கதை, மே மாதம் சேர்வராயன் கோயில் திருவிழாவுக்கு ஊர் திரளுவது, மிளகுக் கொடி ஏறிய மரத்தில் ஏணி சாத்துவது, இதையெல்லாம் பேரப்பிள்ளைகளே கேட்டுப் பதிவு செய்து வரலாம். நான் இருந்த பள்ளியில் ஒரு பாட்டி, பேத்தி போனை நீட்டியதும் முதலில் வெட்கப்பட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். பிறகு நாற்பது நிமிடம் நிறுத்தவே இல்லை. குரலைப் பதியும் முன் அவர்களிடமும் கேட்டுக்கொள்ளுங்கள், முடிந்ததும் ஒரு தடவை போட்டுக் காட்டுங்கள்.

பள்ளிக்கு இன்ஸ்டாகிராம் பக்கம் தொடங்கலாமா?

தொடங்கலாம். ஆனால் பாஸ்வேர்டு யாரிடம் இருக்கும் என்று முடிவு செய்த பிறகுதான். எனக்குத் தெரிந்த ஒரு பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவன் ஆர்வத்தில் தொடங்கினான், நன்றாகவே நடத்தினான். படிப்பு முடிந்து போனான். அவன் நம்பரும் மாறிவிட்டது. பக்கம் இன்னும் பள்ளிப் பெயரில் நிற்கிறது, திறக்க ஆளில்லை.

பள்ளி மின்னஞ்சலில் கணக்கு, தலைமை ஆசிரியரிடமும் இன்னோர் ஆசிரியரிடமும் பாஸ்வேர்டு, மாறுதலில் போகும்போது எழுதிக் கையளிப்பது. இவை மூன்றும் இருந்தால் போதும். மலருக்கென்று தனி கூகுள் கணக்கு வைத்திருந்தால் இன்னொரு எச்சரிக்கை: இரண்டு வருடம் யாரும் உள்ளே போகாத தனிநபர் கணக்கை கூகுள் அழித்துவிடலாம், 2023 டிசம்பரிலிருந்து அந்த விதி நடைமுறையில் இருக்கிறது. படங்களும் சேர்ந்தே போய்விடும்.

என்ன போடுவது? முகத்தைவிடக் கைவேலையைப் போடுங்கள். அறிவியல் கண்காட்சியில் செய்த மாதிரி, வரைந்த ஓவியம், பள்ளித் தோட்டத்தில் காய்த்த முதல் கத்தரிக்காய். பிள்ளை படம் போட்டால் முழுப் பெயர், வகுப்பு, ஊர் மூன்றையும் சேர்த்து எழுதக் கூடாது. இன்ஸ்டாகிராமில் கணக்கு வைக்கவே 13 வயது ஆகியிருக்க வேண்டும் என்பது அவர்கள் விதி, ஆகவே சின்ன வகுப்புகளை டேக் செய்யச் சொல்வது தப்பு. கருத்துப் பகுதியை மூடிவையுங்கள். ஒரு பெண் பிள்ளையின் நடனப் படத்துக்குக் கீழே யாரோ முகம் தெரியாதவர் எழுதிய ஒரு வரி, அவளை அடுத்த வருடம் மேடை ஏற விடாமல் செய்ததைப் பார்த்திருக்கிறேன்.

பெற்றோரிடம் ஒப்புதல் வாங்க வேண்டுமா?

கட்டாயம் வாங்குங்கள். 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 18 வயதுக்குக் கீழ் எல்லோரையும் குழந்தை என்கிறது. அவர்கள் தரவைக் கையாள, சரிபார்க்கக்கூடிய முறையில் பெற்றோர் ஒப்புதல் வேண்டும் என்கிறது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாகி, படிப்படியாக நடைமுறைக்கு வருகின்றன.

சட்டத்துக்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. மகளின் படம் வெளியே போகக் கூடாது என்பதற்கு ஓர் அம்மாவுக்கு ஆயிரம் காரணம் இருக்கும், நம்மிடம் சொல்லமாட்டார். எங்கள் படிவம் அரைப் பக்கம், தமிழில். மூன்று கேள்வி தனித்தனியாக: அச்சு மலரில் படம் போடலாமா? பெற்றோருக்கு அனுப்பும் பிடிஎஃப்பில் போடலாமா? சமூக ஊடகத்தில் போடலாமா? மூன்றையும் ஒன்றாகக் கேட்டால் பயந்து எல்லாவற்றுக்கும் வேண்டாம் என்பார்கள், அல்லது படிக்காமல் கையெழுத்துப் போடுவார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெற்றோருக்கு வகுப்பாசிரியர் வாசித்துச் சொல்ல வேண்டும். படம் வேண்டாம் என்றால் அந்தப் பிள்ளையின் ஓவியமோ கையெழுத்தோ அந்த இடத்தில் வரும். பூஜ்ஜியம் மட்டும் வரக் கூடாது.

காப்பகத்தில் தங்கிப் படிக்கும் பிள்ளைகள் இருந்தால் காப்பகக் கண்காணிப்பாளரிடம் பேசாமல் எதையும் வெளியிடாதீர்கள். அவர்கள் விஷயத்தில் சிறார் நீதிச் சட்டமும் சேர்ந்து வருகிறது.

வீடியோவுக்குப் பின்னால் சினிமாப் பாட்டு போடலாமா?

வேண்டாம். ஆசிரியர், மாணவர், பெற்றோர் மட்டும் இருக்கிற பள்ளி விழாவில் மேடையில் பாடுவதற்குக் காப்புரிமைச் சட்டத்தில் விலக்கு இருக்கிறது. அதையே வீடியோவாக இணையத்தில் ஏற்றுவது வேறு கணக்கு. ஒலியை வெட்டிவிடுவார்கள், சமயத்தில் வீடியோவையே எடுத்துவிடுவார்கள். உங்கள் பள்ளியிலேயே பறை அடிக்கத் தெரிந்தவன் ஒருவன் இருப்பான், கும்மி பாடுகிற பெண்கள் இருப்பார்கள். அவர்களைப் பதியுங்கள்.

முகத்தை அழகாக்கும் ஃபில்டர், ஏஐ இதெல்லாம்?

வெளிச்சம் சரிசெய்யலாம், சாய்ந்த படத்தை நிமிர்த்தலாம். நிறத்தைத் தொடாதீர்கள். கறுப்பாக இருக்கும் பிள்ளையை வெளுப்பாக்கி அச்சடித்துக் கையில் கொடுத்தால், பள்ளியே அந்தப் பிள்ளையிடம் 'நீ இப்படி இருப்பது சரியில்லை' என்று சொன்ன மாதிரி ஆகிறது. ஒரு தடவை ஸ்டூடியோவில் டச்சப் செய்து அனுப்பிய படங்களில் வகுப்பு முழுக்க ஒரே நிறமாக இருந்தது. எல்லாவற்றையும் திருப்பி அனுப்பி மூலப் படத்தை வாங்கினோம். இரண்டு நாள் தாமதமானது, பரவாயில்லை.

கவிதை, கட்டுரையை ஏஐயிடம் எழுதி வாங்கித் தந்தால் எடுத்துக்கொள்வதில்லை. எழுத்துப் பிழை பார்க்கப் பயன்படுத்தலாம், அதையும் ஒரு தமிழாசிரியர் கண்ணில் ஓட்டிய பிறகே அச்சுக்கு அனுப்ப வேண்டும்.

பழைய மலர்கள், பழைய படங்களை என்ன செய்வது?

பீரோவில் கரையான் அரிப்பதற்குள் ஸ்கேன் செய்யுங்கள். பழைய குழுப் படங்களுக்கு 600 டிபிஐ (அங்குலத்துக்கு 600 புள்ளி) வையுங்கள், சின்ன முகத்தையும் பெரிதாக்கிப் பார்க்க முடியும். படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்ய மறக்காதீர்கள். ஸ்டூடியோ முத்திரை, தேதி, யாரோ பென்சிலில் எழுதிய பெயர் எல்லாம் அங்கேதான் இருக்கும்.

பெயர் தெரியாத படமா? ஒவ்வொரு தலைக்கும் எண் போட்டு முன்னாள் மாணவர்களின் வாட்ஸ்அப் குழுவில் விடுங்கள். 80களில் எடுத்த ஒரு படத்தை அப்படி விட்டோம். ராத்திரி ஒன்பது மணிக்குப் போட்டது, விடிவதற்குள் பாதிக்கு மேல் பெயர் வந்துவிட்டது. செவ்வாய்பேட்டையில் வெள்ளிப் பட்டறை வைத்திருக்கும் ஒருவர், "14 நான்தான், 15 என் தம்பி, இப்ப இல்ல" என்று எழுதியிருந்தார். தம்பியின் வேறு படமே வீட்டில் இல்லையாம். மறுநாள் பெரிதாக ஒரு பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுத்தோம்.

பிடிஎஃப் இருக்கும்போது அச்சு எதற்கு?

பல வருடங்களுக்கு முன்னால் சில பள்ளிகளில் மலரை சிடியில் கொடுத்தார்கள். இன்றைக்கு அதைப் போட்டுப் பார்க்க வீட்டில் டிரைவ் எங்கே இருக்கிறது? அந்தக் காலத்து அச்சு மலரோ இன்னும் டிரங்குப் பெட்டியில் இருக்கிறது, திறந்தால் படிக்கலாம். அதனால் அச்சை விட வேண்டாம், அளவைக் குறையுங்கள். வாழ்த்துரைகளை ஒரே பக்கத்தில் சுருக்கினாலே ஆறேழு பக்கம் மிச்சம். பக்க எண்ணிக்கை 16இன் மடங்காக வந்தால் ஃபாரம் (ஒரே பெரிய தாளில் சேர்த்து அடிக்கும் பக்கங்கள்) வீணாகாது. எல்லாப் பக்கத்தையும் மல்டிகலரில் அடிக்காமல், ஒரு ஃபாரத்தை மட்டும் பளபளப்பான ஆர்ட் பேப்பரில் கலராகவும் மற்றதை மேப்லித்தோ என்ற பளபளப்பில்லாத தாளில் கறுப்பு வெள்ளையாகவும் போட்டால் செலவு நன்றாக இறங்கும். பிரதிகள் குறைவு என்றால் ஆஃப்செட்டுக்கும் டிஜிட்டல் பிரிண்டுக்கும் தனித்தனியாக விலை கேளுங்கள். ஆஃப்செட்டுக்குச் செய்யும் அச்சுத் தகட்டின் (பிளேட்) செலவு எத்தனை பிரதிகளில் பிரிகிறது என்பதுதான் கணக்கு.

பிடிஎஃப்பை மூன்று இடத்தில் வையுங்கள்: டிரைவ், பள்ளி அலுவலகத்தில் ஒரு ஹார்ட் டிஸ்க், தாளாளர் வீட்டிலோ பெற்றோர் சங்கத் தலைவர் வீட்டிலோ ஒன்று.

எப்போது தொடங்க வேண்டும்?

ஜூனில், பெயர்ப் பட்டியலோடு. ஜனவரி கடைசிக்குள் அச்சகத்துக்குப் போய்விட வேண்டும். மார்ச்சில் பொதுத் தேர்வு, அப்புறம் பிள்ளைகள் கைக்குக் கிடைக்கமாட்டார்கள்.

பிள்ளைகள் ஆட்டோகிராஃப் நோட்டை இன்னும் சுற்ற விடுகிறார்களே, அதையும் டிஜிட்டலாக்கலாமா?

அதை மட்டும் விட்டுவிடுங்கள். மலரின் கடைசி நான்கு பக்கத்தைக் காலியாக விடுங்கள், பிள்ளைகள் அதிலேயே எழுதிக்கொள்வார்கள். அந்தப் பக்கங்கள் மேப்லித்தோவாக இருக்கட்டும். ஆர்ட் பேப்பரில் பேனா வழுக்கும், மை காய்வதற்குள் புத்தகத்தை மூடுவார்கள், எழுதியதெல்லாம் எதிர்ப் பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். எங்கள் முதல் மலரில் அப்படித்தான் ஆனது.